லிவர் கிரீஸ் கன்: பழைய ஃபோர் வீல் ஜீப்பை வீட்டிலேயே பார்த்துக்கொள்பவருக்கு

பழைய ஃபோர் வீல் ஜீப்பை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க நினைப்பவர் முதலில் எதை வாங்க வேண்டும் என்று கேட்டால், ஸ்பானர் செட்டையும் ஜாக்கியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒரு கிரீஸ் கன் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அதிலும் நீளக் கைப்பிடி வைத்த லிவர் வகை. என்னிடம் இருப்பது அரை கிலோ கிரீஸ் பிடிக்கும் இரும்புக் குழாயும் வார்ப்பிரும்புத் தலையும் கொண்டது. தலையிலிருந்து விறைப்பான ஒரு பைப் வரும், அதன் முனையில் நிப்பிளை, அதாவது மூட்டில் கிரீஸ் ஏற்றும் சின்ன வாயைக் கவ்வும் கப்ளர் இருக்கும். மதுரையில் ஒரு டூல்ஸ் கடையில் 1,250 ரூபாய்க்கு வாங்கினேன். சில மழைக்காலங்கள் அதை நன்றாக உழைக்கவிட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கிரீஸுக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று தோன்றும். என்னுடையது மஹிந்திரா எம்.எம். 540. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், முன்னாலும் முழு ஆக்சில். போடிநாயக்கனூரில் வீடு, பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம். போடிமெட்டு வரை தார் ரோடு, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் நல்ல பாதை. தோட்டத்துக்குப் பிரிகிற இடத்திலிருந்து கல்லும் செம்மண் சேறும்தான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை அந்தப் பாதை காயாது. ஏலக்காய் எடுப்பும் அதே மழையில்தான் தொடங்கும். அதனால் வண்டியை நிறுத்திவைக்கும் பேச்சே இல்லை. ஓடையில் இறங்கி ஏறியாக வேண்டும்.

ஓடையில் இறங்கும்போது என்ன நடக்கிறது? இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் சூடாகியிருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் சக்கரம் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆக்சிலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பளர் ஷாஃப்டின் முனைகளில் மடங்கும் மூட்டுகளான கிராஸ் பேரிங்குகள் அந்த அளவு சூடாகாவிட்டாலும் அவை தொங்குவதே தண்ணீர் மட்டத்தில். ஊசி போன்ற உருளைகள் ஓடும் சின்னக் குப்பிகள் அவை. உள்ளே போன தண்ணீர் தானாக வெளியே வராது. புதுக் கிரீஸை அழுத்தி ஏற்றினால்தான் பழைய கிரீஸோடு சேர்ந்து வெளியேறும். கிரீஸ் அடிப்பதை வழவழப்புக்குச் செய்யும் காரியம் என்று மட்டும் நினைக்கிறார்கள். மலை வண்டிக்கு அதில் பாதி வேலை, தண்ணீரையும் மண்ணையும் வெளியே தள்ளுவது. பால் கலந்தது போன்ற வெளிறிய கிரீஸ் குப்பியோரம் பிதுங்கி வருவதை ஒருமுறை பார்த்தவர் அடுத்த மழைக்கு முன்னால் தானாகவே வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார்.

அப்புறம் இன்னொரு காரணம் இருக்கிறது. இதற்காகவே இந்தக் கருவியை எல்லோரும் வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழி வந்த பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் இருக்காது. இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், பின் புரொப்பளர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம் இருக்கும், அதைத்தான் பிடிக்கும். அங்கிருந்து சக்கரம் வரை பிடிமானத்தைக் கொண்டுபோவது அந்த ஷாஃப்டும் அதன் இரண்டு கிராஸ்களும்தான். ஏற்றத்தில் ஒரு கிராஸ் உடைந்தால் பின்சக்கர இழுவை போவதோடு ஹேண்ட் பிரேக்கும் போய்விடும். மூட்டை ஏற்றிய வண்டி, சரிவு, பின்னால் பள்ளம். சில நூறு ரூபாய் பெறும் ஒரு கிராஸ் காய்ந்து உடைவதால் வரக்கூடிய நிலைமை இது. கிரீஸ் கன்னின் விலையை இதோடு வைத்துப் பாருங்கள்.

சரி, வாட்டர் சர்வீஸில் கொடுத்தால் கிரீஸ் அடித்துத் தர மாட்டார்களா? அடிப்பார்கள். காற்றழுத்தத்தில் ஓடும் பம்பு, பெரிய டப்பா, வேகமான வேலை. ஆனால் அங்கே வேலை பார்க்கும் பையனுக்கு ஒரு நாளில் எத்தனையோ வண்டி. எந்தக் குப்பியில் கிரீஸ் வெளியே வந்தது, எதில் வரவில்லை என்று நின்று பார்க்க அவனுக்கு நேரம் கிடையாது. முன் ஷாஃப்டில் நிப்பிள் மேல்பக்கம் திரும்பியிருந்தால், வண்டியை ஒரு அடி உருட்டி அதைக் கீழே கொண்டுவர யாரும் மெனக்கெடுவதில்லை. கழுவிய ஈரத்தோடு அடிக்கிற வழக்கமும் உண்டு, அப்போது நிப்பிள் தலையில் ஒட்டியிருக்கும் மண் கிரீஸோடு சேர்ந்து உள்ளே போகும். அழுக்குத் துடைக்காமல் அடிப்பதைவிட அடிக்காமல் விடுவது மேல். வீட்டில் நாமே செய்தால் ஒவ்வொரு நிப்பிளையும் துணியால் துடைத்து, அடித்து, வெளியே வருவதைக் கண்ணால் பார்த்து, மறுபடி துடைத்துவிட்டு நகரலாம்.

கருவிக்கு வருகிறேன். இந்த வகைக் கன்னின் பலம் அதன் நெம்புதான். கைப்பிடி நீளம், உள்ளே தள்ளும் தண்டு மெல்லியது. அதனால் கையால் அழுத்தியே ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. அழுத்தம் கிடைக்கிறது. துரு பிடித்து இறுகிப்போன, பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக்கிள் பின்னுக்குள்ளும் கிரீஸை நுழைக்க முடியும். பைக்குக்கு விற்கும் சின்னத் தள்ளு கன்னால் இது ஆகாது. நிப்பிளைச் சுற்றித்தான் கிரீஸ் வழியும். ஒரு அடிக்கு, அதாவது கைப்பிடியை ஒருமுறை அழுத்தினால், எவ்வளவு வருகிறது என்று சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. எந்த மூட்டுக்கு எத்தனை அடி போதும் என்ற கணக்கு கைக்கு வந்துவிடும், வழக்கத்தைவிட அதிகம் விழுங்கும் மூட்டு எது என்பதும் புரியும்.

கூடவே வந்த கப்ளர் சுமார்தான். நேராகப் பிடித்தால் வேலை செய்கிறது, கொஞ்சம் சாய்ந்தால் பக்கவாட்டில் கக்குகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, லிவர் கன்னை இயக்க இரண்டு கையும் வேண்டும்: ஒன்று குழாயில், ஒன்று கைப்பிடியில். கப்ளரை நிப்பிளோடு அழுத்திப் பிடிக்க மூன்றாவது கை எங்கே? வண்டிக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு விறைப்பான பைப்போடு மல்லுக்கட்டுவது பெரிய சிரமம். என் மச்சினன் உடன் இருக்கும் நாட்களில் சரி, தனியாகச் செய்யும் நாட்களில் வேறு வழி வேண்டும். அதனால் வாங்கும்போதே இரண்டு பொருள் கூடுதலாக வாங்கிவிடுங்கள். ஒன்று, ஒன்றரை அடி ரப்பர் ஹோஸ். இன்னொன்று, விசை வைத்த பூட்டுக் கப்ளர். அமுக்கினால் தாடை விரியும், விட்டால் நிப்பிளைக் கடித்துக்கொள்ளும். ஹோஸ் 280 ரூபாய், பூட்டுக் கப்ளர் 900 ரூபாய் ஆனது. கன்னின் விலைக்குக் கிட்டத்தட்ட சமமாக உதிரிக்குக் கொடுக்கிறோமே என்று தோன்றும். கொடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸை ஒட்டி, அடித்தகட்டுக்கு மேலே ஒளிந்திருக்கும் முன் கிராஸுக்கு எட்டுவது இந்த ஹோஸ் ஒன்றுதான். பூட்டுக் கப்ளர் வந்த பிறகு நான் யாரையும் துணைக்குக் கூப்பிடுவதில்லை.

ஒரே கையால் அமுக்கும் பிஸ்டல் வகையும் கடையில் காட்டினார்கள். பிடிக்க வசதிதான், ஆனால் ஒரு அமுக்கத்துக்கு வரும் கிரீஸ் குறைவு, நெம்பும் குறைவு. பேட்டரி கன் ஒரு ஜீப் வைத்திருப்பவருக்குத் தேவையே இல்லை. விசையை அழுத்தினால் நிற்காமல் ஓடும். ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்டின் ரப்பர் உறை உப்பிக் கிழிவதற்கு முன்னால் கை நிற்க வேண்டும் என்றால், எதிர்ப்பு கைக்குத் தெரிய வேண்டும். லிவர் கன்னில் அது தெரிகிறது. உள்ளே இடம் நிரம்பும்போது கைப்பிடி மெல்ல இறுகுவதை உணரலாம்.

நிரப்புவதில் ஒரு நுணுக்கம் உண்டு, கடையில் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். தலையைக் கழற்றிவிட்டு, குழாயின் திறந்த வாயை அகலமான கிரீஸ் டப்பாவுக்குள் முழுதாகப் புதைத்து, பின்னாலுள்ள தண்டை மெதுவாக இழுத்தால் கிரீஸ் தானாகவே ஏறும். கரண்டியால் அள்ளிப் போட்டால் நடுநடுவே காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு அடித்தாலும் ஒன்றும் வராது. ஏறியதும் தலையை முழுக்க இறுக்காமல் இரண்டு சுற்று விட்டுவைத்து, தண்டின் பூட்டை விடுவித்து, காற்று சீறி வெளியேறிய பிறகு இறுக்க வேண்டும். என் கன்னின் தலையில் காற்று வெளியேற்றும் சின்ன வால்வும் இருக்கிறது. அது இல்லாத கன்னை வாங்காதீர்கள். வேலை முடிந்ததும் தண்டைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டிவையுங்கள். உள் ஸ்பிரிங் கிரீஸை அமுக்கிக்கொண்டே இருந்தால் எண்ணெய் பிரிந்து சொட்டும், மிஞ்சுவது வெறும் சக்கை.

எந்தக் கிரீஸ்? எங்கள் பக்கம் மெக்கானிக்குகள் எல்லாவற்றுக்கும் ஏ.பி. 3 என்பார்கள். அந்த மூன்று, கிரீஸின் கெட்டித்தன்மைக்கான என்.எல்.ஜி.ஐ. எண். கையால் அடைக்கும் வீல் பேரிங்குக்கு அது நல்லது. கன்னுக்கு நான் 2ஆம் எண் லித்தியம் இ.பி. (அதிக அழுத்தம் தாங்கும்) கிரீஸைத்தான் போடுகிறேன். உறைந்த நெய்யின் பதத்தில் இருக்கும் அது, ஊசி உருளைகளுக்கு நடுவே எளிதாக நுழையும். மலையில் விடியற்காலைக் குளிரில் 3ஆம் எண் இன்னும் கெட்டியாகிக் கன்னுக்குள் நகரவே மறுக்கிறது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறம் வெறும் சாயம். முக்கியமாக, ஒரு வகைக் கிரீஸின் மேல் வேறு வகையை அடிக்காதீர்கள். லித்தியத்தோடு பெண்டோனைட் களிமண் கிரீஸ் கலந்தால் இரண்டும் இளகி வழிந்துவிடும், மூட்டு காய்ந்துபோகும். ஒரு கன், ஒரு கிரீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் அடிக்கும் முறை. என் ஜீப்பில் இரண்டு புரொப்பளர் ஷாஃப்ட், ஒவ்வொன்றிலும் இரண்டு கிராஸ், நடுவே நீண்டு சுருங்கும் ஸ்லிப் ஜாயின்ட் ஒன்று. கிராஸில் அடிக்கும்போது நான்கு குப்பி ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப்பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் ஷாஃப்டை அந்தப் பக்கமாகக் கடப்பாரையால் லேசாக நெம்பிக்கொண்டு அடித்துப் பாருங்கள், வழி கிடைக்கும். செங்கல் தூள் போலச் சிவந்த பொடி வந்தால் அந்தக் கிராஸின் கதை முடிந்தது. உடனே மாற்றிவிடுங்கள், கிரீஸ் அதைக் காப்பாற்றாது. ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது ‘டக்’ என்று கேட்கும் சத்தமும் பெரும்பாலும் இதே சேதிதான்.

ஸ்லிப் ஜாயின்டில் மட்டும் அளவு தெரிந்து நிறுத்த வேண்டும். சீல் ஓரத்தில் கிரீஸ் தலைகாட்டியதும் போதும். உள்ளே முழுக்க அடைத்துவிட்டால், பட்டை அமுங்கும்போது ஷாஃப்ட் சுருங்க இடமில்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கைப் போய்த் தள்ளும்.

முன் ஷாஃப்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்சக்கரத்தை ஆக்சிலிலிருந்து பிரித்துவிடும் ஃப்ரீ வீல் ஹப் போட்ட வண்டியில், ஹப்பைத் திறந்துவிட்டு டூ வீலில் ஓடும்போது அது சுற்றுவதே இல்லை. சுற்றாததால் தேயாது என்பது சரி. ஆனால் உள்ளே போன தண்ணீர் ஒரே இடத்தில் தேங்கித் துரு பிடிப்பது அங்கேதான். தேவைப்படும் நாளில் ஃபோர் வீல் போட்டால் அந்தத் துருவின் மேல்தான் முழு பாரமும் விழும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: முன், பின் ஆக்சில்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்தரும் நடு டிஃபரன்ஷியல் இந்த ஜீப்புகளில் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலிலேயே வளைவு திரும்பினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும், அந்த முறுக்கு முழுவதும் கிராஸ்களில்தான் இறங்கும். சேறு முடிந்ததும் லிவரைத் தள்ளி டூ வீலுக்கு வந்துவிடுங்கள். எந்தக் கிரீஸும் அந்தப் பழக்கத்துக்கு ஈடாகாது.

ஷாக்கிள் பின்களுக்கு அடிக்கும்போது சேஸிஸைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டால் நல்லது. பாரம் விலகிய பக்கத்தில் இடைவெளி கிடைத்து, தேயும் முகத்துக்கே கிரீஸ் போய்ச் சேரும். ரப்பர் புஷ் போட்ட வண்டியாக இருந்தால் அங்கே கிரீஸ் படக் கூடாது, ரப்பர் ஊறிப்போகும். தூக்குவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் போடுங்கள், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேன் என்ற தைரியம் வேண்டாம். மேலே சொன்ன டிரம் பிரேக் ஷாஃப்டை மட்டும்தான் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால், டிஃபரன்ஷியல் அதைச் சுற்றவிட்டு மறு சக்கரத்தை உருளவிடும். கிராஸ், டை ராட் எல்லாம் சக்கரம் தரையில் இருக்கும்போதே எட்டும், அவற்றுக்காக வண்டியைத் தூக்கவே வேண்டாம்.

கருவியைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று. இந்த அழுத்தத்தில் ஹோஸில் ஒரு ஊசித்துளை விழுந்து அதன் மேல் விரல் இருந்தால் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னப் புள்ளியாகத்தான் இருக்கும், முதலில் வலி கூடத் தெரியாது. உள்ளே சதையை அழுகவைத்து விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். அப்படி ஏற்பட்டால் கழுவிவிட்டுக் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. கையுறை இதைத் தடுக்காது. வெடிப்பு விட்ட ஹோஸைத் தூக்கி எறியுங்கள். அடிக்கும்போது ஹோஸின் உலோக முனையைப் பிடியுங்கள், ரப்பரைப் பிடிக்காதீர்கள்.

அடைத்துக்கொண்ட நிப்பிளோடு இந்தக் கன்னை வைத்துச் சண்டை போடுவதும் வேண்டாம். கழற்றி டீசலில் ஊறவைத்து, உள்ளே இருக்கும் சின்னக் குண்டு அமுங்கித் திரும்புகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதியது போடுங்கள், விலை சில ரூபாய்தான். நேர், சாய்வு, செங்கோணம் என மூன்று வடிவத்திலும் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன். ஆஸ்திரியாவில் பிறந்த ஆஸ்கர் ஜெர்க் என்பவருக்கு 1929-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்த அமைப்பு இது. குண்டுத் தலை இன்றும் மாறவில்லை. அதனால் ஜீப்புக்கு வாங்கிய கன்னே தோட்டத்து டிரெய்லருக்கும் மோட்டார் புல்லிக்கும் பொருந்துகிறது, பக்கத்துத் தோட்டக்காரரின் டிராக்டருக்கும் இரவல் போய்வருகிறது.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை? பழைய வில்லிஸ் அட்டவணையில் அடிப்பாக மூட்டுகளுக்கு 1,000 மைல், அதாவது 1,600 கிலோமீட்டர். நல்ல ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது சரியாக வரும். மழைக்காலத்தில் நான் கிலோமீட்டர் பார்ப்பதில்லை. ஓடை இறங்கிய வாரத்தின் கடைசியில் அடித்துவிடுகிறேன்.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். 2020-ல் வந்த புதிய மஹிந்திரா தார் போன்ற வண்டிகளில் பல மூட்டுகள் ஆயுளுக்கும் சீல் செய்தே வருகின்றன. வாங்குமுன் ஒரு டார்ச்சோடு அடியில் படுத்து நிப்பிள் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம். முன்சக்கரம் திரும்பும் மூட்டான உருண்டை நக்கிளுக்கும் வீல் பேரிங்குக்கும் இந்தக் கன் உதவாது. நக்கிளுக்குத் தனி மூடி உண்டு, பேரிங்கைக் கழற்றிக் கழுவிக் கையால்தான் அடைக்க வேண்டும்.

கன், ஹோஸ், பூட்டுக் கப்ளர் மூன்றும் சேர்ந்து 2,430 ரூபாய். வாங்கும்போது குழாய்க்குள் ஓடும் ரப்பர் கிண்ணம் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். முதலில் தேய்வது அதுதான். அது கிடைக்காத மாடல் என்றால் நூறு ரூபாய் அதிகம் கொடுத்து வேறு வாங்குங்கள்.